பல் பதிந்த ரொட்டி

காலுறை மாட்டிக்கொள்ள ஒற்றைக் காலில் நின்ற யோல்தாஷ், பிடிமானத்துக்காக ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் உள்ளங்கையை ஊன்றினார். ஊன்றிய வேகத்தில் எடுத்தார். ரொட்டி அடுப்பின் வாயைத் தொட்டதுபோல் சுட்டது.

“எல்யோர்!” என்று குரல் கொடுத்தார்.

முற்றத்தில் தக்காளி அரிந்துகொண்டிருந்த அவர் மனைவி சனோபர் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். எல்யோர் என்பது அவர்களுடைய ஒரே மகனின் பெயர். கோகந்த் நகரின் அந்தத் தெருவில் மனைவியைப் பெயர் சொல்லி அழைக்கிற ஆண்பிள்ளை கிடையாது. மூத்த பிள்ளையின் பெயரைச் சொன்னால் மனைவி வருவாள். பிள்ளையும் வீட்டில் இருந்தால் சில சமயம் இரண்டு பேருமே வந்து நிற்பார்கள். எல்யோர் ரஷ்யாவின் வடகோடிக்குக் கட்டட வேலைக்குப் போன இந்த இரண்டு வருடங்களாக ஒருத்தி மட்டும்தான் வருகிறாள்.

“ஃப்ரிட்ஜ் கொதிக்குது. தொட்டுப் பாரு.”

சனோபர் தொட்டாள். அவளுக்கு அது புதிய செய்தி இல்லை. “முந்தாநாள்லேர்ந்து இப்படித்தாங்க. உறை ஊத்தின பால் சட்டியை அதன் பக்கத்துல வெச்சேன், அந்தச் சூட்டுல கத்தியால வெட்டி எடுக்கிற மாதிரி உறைஞ்சிருக்கு.”

“நல்லாருக்கு. அப்ப குளிர வைக்க அடுப்பை வாங்கிடலாமா?”

அவள் சிரிக்க வாயெடுத்தாள். ஆனால் இருவர் கண்களும் ஒரே நேரத்தில் ஃப்ரிட்ஜின் மேலறைக் கதவுக்குப் போயின. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மேலறைக்குள் எல்யோரின் ரொட்டி இருந்தது.

அந்த ஊரில் தூர தேசம் போகிறவன், புறப்படும் காலையில் ஒரு முழு ரொட்டியை எடுத்து ஒரே ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தை வீட்டார் உயரத்தில் மாட்டி வைப்பார்கள். அவன் திரும்பி வந்து அதைத் தின்று முடிக்க வேண்டும். அதுவரை ரொட்டி அவனுக்காகக் காத்திருக்கும். எல்யோர் கடித்த ரொட்டியும் ஒரு வருடம் சுவரில் ஆணியில் தொங்கியது. போன கோடையில் அதில் வண்டு ஏறப் பார்த்தது. சனோபர் பதறிப்போய் அதை நீலப்பூ போட்ட வெள்ளைத் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜின் உறைய வைக்கும் மேலறையில் வைத்தாள். அன்று முதல் அந்த அறைக்குள் இறைச்சி நுழையக் கூடாது, பனிக்கட்டி நுழையக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் அவள் துணியைப் பிரித்து, கடித்த இடத்தைப் பார்த்துவிட்டு, பிஸ்மில்லா சொல்லி மூடுவாள். எல்யோருக்கு முன்பல் ஒன்று லேசாக உடைந்திருக்கும். அதனால் கடியின் வளைவில் ஒரு சிறு மேடு இருந்தது. மகனின் புகைப்படத்தைவிட அந்த மேடுதான் அவளுக்கு மகனைப்போல இருந்தது.

வசந்தத்தில் அவன் பேசினான். கோடை முடிவதற்குள் வந்துவிடுவதாகச் சொன்னான். அதற்குப் பிறகு அவன் எண் அணைந்தே கிடக்கிறது. போன் தொலைந்திருக்கும் என்று யோல்தாஷ் சொல்வார். சனோபர் மேலறைக் கதவைத் திறந்து ஒரு தடவை பார்ப்பாள்.

ஃப்ரிட்ஜ் நின்றால் ரொட்டி இளகும். இளகினால் இந்த வெயிலில் பூஞ்சை பிடிக்கும். அதற்கு மேல் யோசிக்க இருவருக்கும் துணிவில்லை.

“பயப்படாதே. நான் பாக்கிறேன்” என்றார் யோல்தாஷ். நகரப் பேருந்தை ஓட்டியே தலை நரைத்தவர் அவர். சூடாகிற எந்த இயந்திரமும் தனக்குத் தூரத்துச் சொந்தம் என்பது அவர் எண்ணம்.

முதலில் குளிர் குமிழைக் கடைசி வரை திருகினார். மேடு ஏறும்போது வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாக மிதிக்க வேண்டும் என்று விளக்கமும் சொன்னார். ஃப்ரிட்ஜ் அதை ஏற்றுக்கொண்டு இடைவிடாமல் உறுமத் தொடங்கியது. ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் பக்கவாட்டோடு கதவும் சேர்ந்து சூடாகிவிட்டது.

பின்பக்கம் என்ன ஆயிற்று என்று பார்க்க, போனின் விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்தார். எதுவும் தெரியவில்லை. ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் பெட்டகம், அதன்மேல் சனோபர் தைத்து அடுக்கிய பஞ்சு மெத்தைகள் உத்தரம் வரைக்கும். நெடுநேரம் விளக்கு எரிந்ததில் போனும் சுட ஆரம்பித்தது. அதைக் குளிரட்டும் என்று ஃப்ரிட்ஜைத் திறந்து முட்டைக் குழியில் வைத்தார். பிறகு இரண்டு கையாலும் ஃப்ரிட்ஜைக் கட்டிப் பிடித்து வெளியே இழுத்தார்.

ஃப்ரிட்ஜ் ஒரு சாண் வந்தது. அதன்மேல் சாய்ந்திருந்த மெத்தைகள் மொத்தமும் வந்தன.

சனோபர் மெத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்தபோது அடியிலிருந்து யோல்தாஷ் கிடைத்தார். மீசையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“எங்க போனீங்க?” என்றாள்.

“ஒரு தூக்கம் போட்டேன்” என்றார்.

மெத்தைகளை மறுபடி அடுக்கினார்கள். இந்தத் தடவை விழக் கூடாதென்று ஃப்ரிட்ஜோடு நன்றாக இறுக்கி அடுக்கினார்கள். சூடு இன்னும் ஏறியது.

பேருந்தின் ரேடியேட்டர் கொதித்தால் ஈரச் சாக்கு போடுவார்கள். யோல்தாஷ் ஒரு படுக்கை விரிப்பைக் கிணற்று நீரில் நனைத்து, ஃப்ரிட்ஜுக்கு முக்காடு மாதிரி போர்த்தினார். ஆவி பறந்தது. சனோபர் ஒரு கணம் அதிசயமாய்ப் பார்த்தாள். அவரும் பெருமையோடு அவளைப் பார்த்தார். விரிப்பிலிருந்து நீர் மெல்ல வழிந்து, கீழே இருந்த ஸ்டெபிலைசர் பெட்டியைத் தேடிப்போனதை இருவருமே பார்க்கவில்லை.

‘பட்’ என்று ஒரு சத்தம். கருகல் வாசனை. மின்விசிறி நின்றது. பக்கத்து வீட்டு மின்விசிறியும் நின்றிருக்க வேண்டும். மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“டிரைவர், வீட்டுக்குள்ள பஸ்ஸை ஓட்டறியா?”

அது நோர்மத். மனைவியை இழந்து தனியாக இருப்பவர், அறுபதைத் தாண்டியவர். நாக்கு மட்டும் இளமையாக இருந்தது. வசந்தத்தில் அவருடைய பாதாமி என்கிற ஏப்ரிகாட் மரத்தின் கிளை ஒன்று யோல்தாஷ் வீட்டு முற்றத்தில் நீட்டிக்கொண்டிருந்ததை, கேட்காமல் கொள்ளாமல் யோல்தாஷ் வெட்டிவிட்டார். கிளை முழுக்கப் பூவாக இருந்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் சலாம் கிடையாது. கேலி மட்டும் மதிலைத் தாண்டி வரும், போகும்.

யோல்தாஷ் மின்கம்பத்தில் கருகின ஃப்யூஸ் கம்பியை மாற்றினார். ஸ்டெபிலைசர் போனது போனதுதான். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜை இருவருமாய் அசைத்து அசைத்து முற்றத்துக்குக் கொண்டுவந்து, திராட்சைக் கொடி நிழலில் நிறுத்தினார்கள். சீரியல் விளக்கு போடுகிற மெல்லிய கம்பி ஒன்றை நீட்டி மின்சாரம் கொடுத்தார். ஃப்ரிட்ஜ் முனகியது. பாரம் ஏற்றின பேருந்து மேட்டில் திணறுவதுபோல் இரண்டு தடவை குலுங்கியது. கொடி நிழலோ சூரியனோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் ஃப்ரிட்ஜ் முழு வெயிலில் நின்றது. அதற்கும் கொஞ்ச நேரத்தில் ஓசையே அடங்கிப் போனது.

“எல்யோர்!” என்று யோல்தாஷ் கத்தினார். “எல்யோர், இங்க வா, இது நின்னுபோச்சு!”

மதிலுக்கு மேலே நோர்மத்தின் தொப்பி தெரிந்தது. “ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடறே. இங்க இருக்கிற எனக்கே காது அடைக்குது. அவனுக்கும் கேட்டிருக்கும் போ.”

அந்தக் கேலி அன்று யாருக்கும் சுடவில்லை. சனோபர் ஏற்கெனவே மேலறையைத் திறந்து, துணியின்மேல் கையை வைத்திருந்தாள். அவள் அழவில்லை. விரல் நுனியில் ஒட்டிய ஈரத்தைப் பார்த்தாள்.

“இளகுதுங்க” என்றாள்.

இரண்டு வருடத்தில் அவள் குரல் அவ்வளவு சின்னதாகி யோல்தாஷ் கேட்டதில்லை. பூத்த கிளையை வெட்டிய அன்று தன் கை எவ்வளவு அவசரப்பட்டதோ, அதே கைதான் இன்றைக்கும் குமிழைத் திருகியது, விரிப்பை நனைத்தது என்று அவருக்குத் தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மதிலுக்கு மேலே தெரிந்த தொப்பி எப்போதோ மறைந்திருந்தது. சற்று நேரத்தில் முற்றத்துக் கதவு திறந்தது. நோர்மத் உள்ளே வந்தார். வசந்தத்துக்குப் பிறகு அந்த நிலைப்படியை அவர் தாண்டுவது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு பீங்கான் தட்டு, ஈரமாய்ப் பளபளத்தது.

“என் ஃப்ரிட்ஜ்ல மேலறையைக் காலி பண்ணிட்டேன். ஆட்டுக் கொழுப்பு வெச்சிருந்தேன், அந்த வாசனை ஒட்டக் கூடாதுன்னு வெந்நீர்ல கழுவியாச்சு. குடு ரொட்டியை.”

யோல்தாஷ் தலையை நிமிர்த்தினார். “அண்ணே, அந்தக் கிளை…”

“ரொட்டிக்கு என்மேல கோபம் இல்லியே? உன் விஷயம் தனி, அதைப் பிறகு பேசிக்கலாம்.”

சனோபர் தயங்கினாள். அந்த ரொட்டி வந்த நாளிலிருந்து வாசற்படி தாண்டியதில்லை. தாண்டினால் என்ன ஆகுமோ என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. யோல்தாஷ் அவளிடம், ரொட்டி அந்த வீட்டில் இருக்கும்வரை அதற்கு நான் பொறுப்பு, ஒரு துணுக்கு குறைந்தாலும் என்னைக் கேள் என்றார். 

நோர்மத் தட்டை நீட்டினார். அவள் துணியோடு ரொட்டியை அதில் வைத்தாள். அவர் தட்டை நெற்றிவரை உயர்த்தினார். பிறகு மனைவி போன பின் யாரையும் மரியாதையாக நடத்த மறந்துபோன அந்த மனிதர், பச்சைக் குழந்தையை ஏந்திக்கொண்டு போகிறவர்போல ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து போனார். யோல்தாஷ் வாய் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஒருவன் நெஞ்சு எந்த வேளையில், எந்தப் பக்கமாகத் திறக்கும் என்பது அதைப் படைத்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு கணவன் மனைவி இருவரும் முலாம்பழக்காரரின் கைவண்டியை இரவல் வாங்கினார்கள். ஃப்ரிட்ஜை அதில் ஏற்றி, கதவு திறந்துகொள்ளாமல் கயிற்றால் நாலு சுற்றுக் கட்டி, வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். யோல்தாஷ் முன்னால் இழுத்தார். சனோபர் பின்னால் தள்ளினாள்.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து ‘உர்… உர்…’ என்று ஒரு அதிர்வு கேட்டது.

சனோபர் வண்டியை நிறுத்தினாள். “எல்யோர் அப்பா, மோட்டார் ஓடுதுங்க.”

“கம்பியே சொருகலியே.”

“காதை வெச்சுக் கேளுங்க.”

அவர் கயிற்றுக்கு இடையில் காதை வைத்தார். ‘உர்… உர்…’ சந்தேகமே இல்லை. மின்சாரம் இல்லாமல், நடுரோட்டில், கைவண்டியில், ஃப்ரிட்ஜ் தானாக உறுமுகிறது. சனோபரின் கண்கள் விரிந்தன. “சுபஹானல்லா” என்றாள். யோல்தாஷுக்கும் மயிர்க்கூச்செறிந்தது. வாழ்நாளில் எத்தனையோ இயந்திரம் நின்றுபோனதைப் பார்த்தவர் அவர். நிறுத்திய பின் ஓடின இயந்திரத்தைப் பார்த்ததில்லை. சத்தம் சற்றுக் கழித்து நின்றது. பிறகு மறுபடி வந்தது. வழியெல்லாம் வந்து வந்து போயிற்று. கடைவீதியை நெருங்கும்போது அடங்கிவிட்டது.

பழுது பார்க்கிறவர் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே எட்டிப் பார்த்து, முட்டைக் குழியிலிருந்து யோல்தாஷின் போனை எடுத்து மேசையில் வைத்தார். அது சார்ஜ் தீர்ந்து கிடந்தது.

“இதுவும் ரிப்பேரா?” என்று கேட்டார்.

சனோபர் கணவரைப் பார்த்தாள். கணவர் எதிர்க்கடையில் தொங்கிய தொப்பிகளைப் பார்த்தார். யார் கூப்பிட்டிருப்பார்கள் என்று அவள் கேட்டதற்கு, டிப்போக்காரர்கள்தான், லீவு நாளில்கூட விட மாட்டார்கள் என்றார்.

ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைப் பார்த்த பழுதுக்காரர் ஒரு தூரிகையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். பஞ்சு வந்தது. கைப்பிடி கைப்பிடியாக வந்தது. ஒரு தலையணைக்குப் போதும்.

“இதுக்கு ஒரு வியாதியும் இல்ல. மூச்சு முட்டிப் போச்சு, அவ்வளவுதான். மெத்தையை ஒட்டி அடுக்கியிருந்தீங்களா?”

“ஆமா” என்றாள் சனோபர்.

“எத்தனை பேர் வீட்டுல? ஒரு கல்யாண மண்டபத்துக்கு வேண்டிய பஞ்சு இருக்கே.”

அவள் முக்காட்டுத் துணியின் நுனியைத் திருகினாள். எல்யோரின் கல்யாணத்துக்காகத் தைத்தவை அவை. போன் வராத ஒவ்வொரு வாரமும் ஒரு மெத்தை கூடுதலாகத் தைத்தாள். தைத்துக்கொண்டே இருந்தால் அவன் வருவான் என்று ஒரு நம்பிக்கை. அடுக்கு ஏற ஏற ஃப்ரிட்ஜின்மேல் சாய்ந்தது. பஞ்சு உதிர்ந்து அதன் மூச்சை அடைத்தது. மகனுக்காகக் காத்திருந்த மெத்தை, மகனுக்காகக் காத்திருந்த ரொட்டியை இத்தனை நாளாக நெருக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் அதைச் சொல்லி முடித்தபோது பழுதுக்காரர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடியது. கூலி கேட்டபோது அவர் கையை மார்பில் வைத்துக்கொண்டார். பையன் வந்த அன்றைக்குப் புலாவ் வைக்கும்போது என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள், போதும் என்றார். அன்று ஒரே நாளில் இரண்டு பேர் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டதாக யோல்தாஷ் எண்ணினார். ஆனால் அந்தக் குனிவு ஏனோ பாரமாக இல்லை. தொழுகையில் குனிவதுபோல இருந்தது.

திரும்பும் வழியில் அவர் நிறையத் திட்டம் போட்டார். மெத்தைகளை மேல்மாடத்துக்கு மாற்றுவது. ரொட்டியை இன்றைக்கே வீட்டுக்கு எடுத்து வருவது. நோர்மத் அண்ணனின் மதிலோரம் ஒரு பாதாமிக் கன்று நட்டுக்கொடுப்பது. சனோபர் பின்னால் தள்ளிக்கொண்டே வந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் தெளிந்திருந்தது.

தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் தாழ்ந்து மதில்களெல்லாம் மஞ்சளாக இருந்தன. சனோபர்தான் முதலில் பார்த்தாள். வண்டி நின்றது.

நோர்மத் வீட்டு முற்றத்தில் துணி காயப்போடும் கொடியில், நீலப்பூ போட்ட வெள்ளைத் துணி தொங்கியது. துவைத்துப் பிழிந்து, நுனியில் இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மதிலின்மேல் சிட்டுக்குருவிகள் எதையோ கொத்தின. யோல்தாஷ் கிட்டப் போனார். ரொட்டித் துணுக்குகள். மனிதன் தின்று மிஞ்சியதை, காலில் மிதிபடாமல் பறவைகளுக்கு வைக்கிற இடம் அது.

நோர்மத் தன் வாசலில் உட்கார்ந்து காலிக் கோப்பை ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர்களைக் கண்டதும் எழுந்தார்.

“எங்க போய்த் தொலைஞ்சீங்க? எத்தனை தடவை போன் அடிக்கிறது? உன் போனை என்ன, ஃப்ரிட்ஜ்லயா வெச்சிருக்கே?”

யோல்தாஷுக்கு அது காதில் ஏறவில்லை. கொடியைக் கையால் காட்டினார். “அண்ணே… ரொட்டி?”

“தின்னாச்சு” என்றார் நோர்மத். “கல்லு மாதிரி இருந்துச்சு. தேநீர்ல ஊற வெச்சு ஊற வெச்சுத்தான் இறங்குச்சு. தேநீர் கொட்டிட்டுது, அதான் துணியைத் துவைச்சேன்.”

யோல்தாஷ் நீட்டிய கையை இறக்கினார். இரண்டு வருடம். வண்டுகளிடமிருந்து காப்பாற்றி, வெயிலிடமிருந்து காப்பாற்றி, தன் கையிடமிருந்தும் காப்பாற்றி, கடைசியில் இந்த மனிதரிடம் கொடுத்து… அவருக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அவளுக்கு என்ன பதில் சொல்வது? திரும்பிப் பார்த்தார். சனோபர் அந்த ஈரத் துணியையே பார்த்தபடி, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

“எல்யோர்!” அவர் அலறினார். “எல்யோர்! எல்யோர்!”

நோர்மத் பதறிப்போய், ஈரக் கையால் அவர் வாயைப் பொத்தினார்.

“மெதுவாக் கூப்பிடுய்யா. மூணு நாள் ரயில்ல வந்து, வீடு பூட்டியிருக்கேன்னு என் வாசல்ல நின்ன புள்ள. தன் ரொட்டியைத் தின்னு முடிச்சுட்டு இப்பதான் உள்ள கண்ணசந்திருக்கான்.”